தோட்டத்தின் ஆதாயமும் துறைமுகத்தின் வாயிலும்

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் உழைப்பாளி என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆறில்லாத குடாநாட்டிலே சுண்ணக்கற் பாறையைக் கிணறாக அகழ்ந்து, துலா மிதித்து நீரிறைத்து, குழையும் எருவும் இட்டுச் செம்மண்ணைப் பேணி வந்தவன் அவன். ஆயின், உழைப்பு ஒன்றே அவனுக்கு ஆதாயம் தந்தது எனக் கொள்ளுதல் வரலாற்றோடு பொருந்தாது.

1970இல் பதவியேற்ற திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரின் அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இறக்குமதியை மிகவும் இறுக்கியது. இந்தியாவிலிருந்து வந்த மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் வாயில் அடைபட்டது. கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் வடக்கையே நோக்கினர். கோண்டாவில், இணுவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் முதலிய ஊர்களிற் சில பரப்புக் காணி உடையவனும் தலைநிமிர்ந்தான். வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டுப் படித்த வாலிபர் திட்டங்களிற் குடியேறியோர் மிளகாய்ச் செய்கையாற் பெரும் பொருள் ஈட்டினர். உத்தியோகமே மதிப்பு என்றிருந்த சமூகத்தில், கற்ற இளைஞன் மண்வெட்டி ஏந்துதல் இழுக்கன்று என்னும் எண்ணம் அப்போது வேரூன்றியது. என் கணிப்பில், அக்காலத்து வருமானத்தினும் பெரிய பேறு இதுவே.

1977இல் ஆட்சி மாறிற்று. ஜே. ஆர். ஜயவர்த்தனா அரசு திறந்த பொருளாதாரத்தைப் புகுத்தியதும், கடல் கடந்து வந்த மலிவுச் சரக்கோடு தோட்டக்காரன் போட்டியிட நேர்ந்தது. நிலம் மாறவில்லை, கிணறு மாறவில்லை, விலை மாத்திரம் வீழ்ந்தது. துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்திருந்தமையால், மண்ணெண்ணெய், உரம், கிருமிநாசினி ஆகியவற்றுக்குக் கைக்காசு வேண்டியிருந்தது. 1990இன் பின் போர்க்காலப் பொருளாதாரத் தடை எரிபொருளையும் உரத்தையுமே அரிதாக்கியது.

இலாபக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. களை பிடுங்கும் மனைவியின் கூலியும், பள்ளிக்கு முன் தண்ணீர் கட்டும் பிள்ளையின் கூலியும் அதில் எழுதப்படுவதில்லை. அவற்றைச் சேர்த்தால், நல்ல ஆண்டென்று மகிழ்ந்த ஆண்டுகளிற் சில நட்ட ஆண்டுகளாகவே முடியும். மிகையாக இட்ட உரம் சுண்ணக்கற் பிளவுகளூடே இறங்கிக் கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேர்ந்தமையும் அக்கணக்கில் ஏறாத செலவே.

வாயிற்கதவின் வலிமை அதன் பின்னும் குன்றவில்லை. 2007இல் இயற்றப்பட்ட விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ், வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றின் இறக்குமதி அறவீடு வர்த்தமானி அறிவித்தல் மூலம் கூட்டவும் குறைக்கவும் பட்டது. அறுவடை வேளையில் அது குறைந்தால் உரும்பிராயான் நட்டமடைவான். கூடினால் வெள்ளவத்தைக் குடும்பத்தின் சந்தைச் செலவு ஏறும். இருவரும் பெரும்பாலும் உறவினரே.