விண்வெளிப் படமும் அதன் துணைப்படமும்

தமிழகத் திரையரங்குகளில் முழுநீளப் படத்தோடு சிறுபடம் ஒன்றையும் சேர்த்துக் காட்டுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 1948இல் நடுவண் அரசு தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படங்களும் ஆவணப்படங்களும், பொதுமக்கள் பேச்சில் ‘நியூஸ் ரீல்’ எனப்பட்டவை, திரையரங்க உரிமத்தின் நிபந்தனையாகவே பல பத்தாண்டுகள் திரையிடப்பட்டன. என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் நடித்த நகைச்சுவைப் பகுதிகளோ தனியே எழுதிப் படமாக்கப்பட்டு, பிறர் எடுத்த படங்களுக்கு நடுவே கோக்கப்பட்டன. இவ்விரு வகையும் முதன்மைக் கதையை ஒட்டி நின்றனவேயன்றி, அக்கதையின் இன்னொரு பக்கத்தைக் காட்ட முயலவில்லை.

சேர்வராயன் மலைக்குக் கீழே, சேலத்தின் ஏற்காடு சாலையில், டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் அமெரிக்கர்களோடு கூட்டாகத் தயாரித்து, வில்லியம் பெர்க் இயக்கிய அறிபுனைப் படம், ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’ என்றும் தமிழில் ‘காடு’ என்றும் வெளியாயிற்று. மாமூத் எனப்படும், பனியூழியில் வாழ்ந்த உரோம யானைகளைப் பற்றிய அக்கதை இரு மொழிகளில் சொல்லப்பட்டபோதும் அதன் பார்வை ஒன்றாகவே இருந்தது.

பார்வையையே மாற்றும் துணைப்படத்துக்குத் தெளிவான சான்று, 2013இல் அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கிய ‘கிராவிட்டி’ என்னும் விண்வெளிப் படத்தோடு பிறந்தது. அதில் எரிபொருள் தீர்ந்த சோயுஸ் விண்கலத்தில் சிக்கிய விண்வெளி வீராங்கனை ரையன் ஸ்டோன், வானொலி அலைவரிசையில் மொழி புரியாத ஓர் ஆணின் குரலையும் நாய்க் குரைப்பையும் குழந்தையின் அழுகையையும் கேட்கிறார். அப்படத்தைத் தந்தையோடு சேர்ந்து எழுதிய யோனாஸ் குவாரோன், ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடும் ‘அனிங்காக்’ என்னும் குறும்படத்தில், அந்தக் குரலுக்குரிய இனுயிட் மனிதரைக் கிரீன்லாந்தின் பனிவெளியில் காட்டினார். இனுயிட் என்போர் ஆர்க்டிக் பகுதியின் பழங்குடியினர். இங்கே ஸ்டோன் வெறும் குரலாகிவிட, நோயுற்ற தன் நாயைக் கொல்ல மனம் வராமல் தவிக்கும் அனிங்காக் கதைத்தலைவராகிறார்.

நியூஸ் ரீல் அரசின் ஆணையால் திரையேறியது. ‘அனிங்காக்’ திரைப்பட விழாக்களிலும், பின்னர் முதன்மைப் படத்தின் வட்டில் இணைப்பாகவும் பார்வையாளரை அடைந்தது. இம்மாற்றத்தால் துணைப்படம், முதன்மைப் படத்தைப் பார்த்து முடித்தவர் அதை மறுபடி எண்ணிப் பார்ப்பதற்கான உரையாக, அதாவது மூலநூலோடு சேர்த்துப் படிக்கப்படும் விளக்கத்தைப் போன்றதாக, வளர்ந்தது.