இரண்டாம் நாற்காலியும் கேமரன் மலையும்

உட்கட்சிப் போட்டியில் தன்னைத் தாக்கியவரையே துணைக்குச் சேர்த்துக்கொள்வது அமெரிக்காவில் புதிதல்ல. 1960-இல் கென்னடி, தன்னை எதிர்த்து நின்ற ஜான்சனைத் துணை அதிபர் வேட்பாளராக்கினார். டெக்சஸ் கைக்கு வந்தது. 2020-இல் பைடன், விவாத மேடையில் தன்னை வறுத்தெடுத்த கமலா ஹாரிஸை அழைத்தார். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான, மன்னார்குடி அருகே உள்ள துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்தது.

மலேசிய இந்தியர் காங்கிரஸில் (ம.இ.கா.) தலைவருக்கு அந்த வசதி இல்லை. துணைத்தலைவரைப் பேராளர்களின் ஓட்டே தீர்மானிக்கும். 1977-இல் சாமிவேலு 26 வாக்கு வித்தியாசத்தில் எஸ். சுப்ரமணியத்தை வென்று துணைத்தலைவரானார். 1979-இல் தலைவர் மாணிக்கவாசகம் மறைந்ததும் கட்சி சாமிவேலு கைக்கு வந்தது. 2010 வரை அவரிடமே இருந்தது. தோற்ற சுப்ரமணியமே பின்னர் அவருக்குத் துணைத்தலைவராகி, 1989-இல் தலைவர் பதவிக்கும் மோதித் தோற்றார். 2006-இல் ஜி. பழனிவேல் சுப்ரமணியத்தை வீழ்த்தி அடுத்த வாரிசானார்.

இந்தக் கணக்கெல்லாம் வந்து இறங்கிய இடங்களில் ஒன்று கேமரன் மலை. 1929-இல் ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் கொழுந்து பறித்த தமிழர்களின் மலை அது. நாடாளுமன்றத் தொகுதியாக அது உருவானது 2004-இல். வாக்காளர்களில் இந்தியர் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில்தான். தொகுதிக்குள் அடங்கிய ஜெலாய் பகுதி மலாய்க்காரரும் பூர்வக்குடியினரும் கைகொடுக்காமல் ம.இ.கா. அங்கே கரையேற முடியாது.

ம.இ.கா.வின் எஸ்.கே. தேவமணி 2004, 2008 இரண்டு தேர்தல்களிலும் அங்கே வென்றார். ஆனால் 2008-இல் உலு சிலாங்கூரில் தோற்ற பழனிவேலுக்கு, கட்சித் தலைவரான பின் பாதுகாப்பான தொகுதி தேவைப்பட்டது. 2013-இல் அவர் மலைக்கு வந்தார். தேவமணி சுங்கை சிப்புட்டுக்குப் போய்த் தோற்றார். பழனிவேல் 462 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். 2015-இல் சங்கப் பதிவிலாகாவுடன் மூண்ட சர்ச்சையில் தலைமைப் பதவியும் போனது.

அடுத்த இழுபறி, ம.இ.கா. அங்கம் வகிக்கும் தேசிய முன்னணிக் கூட்டணிக்குள்ளேயே. அதன் இன்னொரு பங்காளியான மைபிபிபி கட்சியின் கேவியஸ், தொகுதி தனக்கே என்று நின்றார். 2018-இல் வாய்ப்பு ம.இ.கா.வின் சி. சிவராஜுக்குப் போனது. எதிர்த்தரப்பான ஜசெகவின் மனோகரனை அவர் 597 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே ஆண்டு நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது.

2019 ஜனவரி இடைத்தேர்தலில் தேசிய முன்னணி கட்சிப் பங்கீட்டை ஒதுக்கிவிட்டு ஓட்டைப் பார்த்தது. ம.இ.கா. வழிவிட, செமாய் பூர்வக்குடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ராம்லி முகமட் நோர் நிறுத்தப்பட்டார். 3,238 வாக்கு வித்தியாசத்தில் வென்று, மக்களவைக்குள் நுழைந்த முதல் பூர்வக்குடி உறுப்பினரானார். 2022-லும் அவரே வென்று மக்களவைத் துணை சபாநாயகரானார். தலைவரின் வசதிக்காக ஆள் மாற்றியபோது சில நூறாகச் சுருங்கிய வித்தியாசம், தொகுதியின் மக்களைப் பார்த்து ஆள் நிறுத்தியபோது ஆயிரங்களுக்கு ஏறியது.