அறுபத்துநான்காம் கட்டம்

சதுரங்கக் கதை நேயர்கள் அறிந்ததே. முதற் கட்டத்துக்கு ஒரு கோதுமை மணி, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு என அறுபத்துநான்கும் நிரம்பினால் 18,446,744,073,709,551,615 மணிகள். 1000ஆம் ஆண்டளவில் அல்பீரூனி இத்தொகையைப் பிழையின்றி எழுதிவைத்தார். 16ஐ அதனாலேயே பெருக்கினால் 256. வருவதை மீண்டும் அப்படியே பெருக்க வேண்டும். மொத்தம் நான்கே பெருக்கல்கள், ஈற்றில் ஒன்றைக் கழித்தால் விடை.

என் மனதைத் தொடுவதோ இப்னு கல்லிகானின் சந்தேகந்தான். 13ஆம் நூற்றாண்டுச் சரித ஆசிரியரான அவர், இத்தனை தொகை வரும் என்பதை முதலில் நம்பவில்லை. அலெக்சாந்திரியாக் கணக்கர் ஒருவர் 16ஆம் கட்டத்து 32,768 மணிகளை ஒரு 'கதஹ்' அளவாகக் கொண்டார். அதன்பின் மணியை விட்டு அளவையை இரட்டித்தார். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் 16,384 நகரங்கள், நகருக்கு 1,024 களஞ்சியங்கள் தேவைப்பட்டன! கல்முனை வட்டைகளிலும் களவெட்டியில் மணியை எண்ணியவர் யார்? மரைக்காலும் அவணமுந்தானே கணக்கு.

இந்த எண்ணுக்குள் இன்னொரு கதையும் கிடந்தது. 1640இல் பெர்மா முதன்மை எண் என நம்பிய 4,294,967,297 இதன் காரணிகளில் ஒன்று. அது 641ஆல் வகுபடும் என்று 1732இல் ஒயிலர் கண்டார். அல்பீரூனியின் எண்ணை 641ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது.