ஈயின் வாயில் ஏறி வந்த ஒட்டுண்ணி

1880-இல் தேரா இஸ்மாயில் கான் பகுதியில் குதிரைகளும் ஒட்டகங்களும் வற்றி வற்றிச் செத்துக்கொண்டிருந்தன. அந்தப் பகுதி இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டு வரும். தீனி தின்றாலும் எலும்பு துருத்தும். காலிலும் அடிவயிற்றிலும் நீர் கோத்து வீங்கும். ஊர்க்காரர்கள் அதைச் சர்ரா என்றார்கள். விசாரிக்க வந்த வேல்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவான்ஸ், நோயுற்ற பிராணியின் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சிவப்பணுக்களைத் தள்ளி இடித்துக்கொண்டு ஏதோ ஒன்று நெளிந்து ஓடியது. சிவப்பணுவைப் போல மூன்று நான்கு மடங்கு நீளம், ஓரத்தில் அலையாடும் மெல்லிய சவ்வு, நுனியில் சாட்டை.

அந்த ரத்தத்தை நல்ல பிராணிகளுக்கு ஏற்றினார். அவையும் நோயில் விழுந்தன, அவற்றின் ரத்தத்திலும் அதே உயிர் நெளிந்தது. இதுதான் நோய்க்குக் காரணம் என்று எவான்ஸ் எழுதினார். அன்றைய நிபுணர்கள் ஏற்கவில்லை. இதைப் போன்ற உயிர்கள் எலியின் ரத்தத்திலும் இருந்தன, எலிகள் நலமாகவே திரிந்தன. அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. டேவிட் புரூஸ் ஆப்பிரிக்காவின் சூலுலாந்தில் இதன் உறவினத்தைக் கண்டது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான். நல்லவேளை, எவான்ஸ் நூறு வயது வாழ்ந்தார். ஒட்டுண்ணி அவர் பெயரையே தாங்கி டிரிப்பனோசோமா எவான்சி ஆனதையும் பார்த்துவிட்டே போனார்.

இதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. புரூஸ் கண்ட உறவினம் ட்செட்சே ஈயின் குடலில் வளர்ந்து, எச்சில் சுரப்பியில் முதிர்ந்தால்தான் அடுத்த மாட்டுக்குப் போக முடியும். அந்த ஈ சகாராவுக்கு வடக்கே பிழைக்காது. ஆகவே நோயும் அந்த எல்லைக்குள்ளேயே கிடந்தது. எவான்சி தன் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் இருந்த பெரிய வளையங்களை எப்போதோ இழந்துவிட்டது. ஈயின் குடலில் வாழத் தேவையான கருவிகளுக்கான குறிப்பு அவற்றில்தான் இருந்தது. இழந்தபின் ட்செட்சேக்குள் அதனால் வளர முடியாது. ரத்தத்தில் வாழ அந்தக் கருவிகள் தேவையும் இல்லை. இவ்வளவு லாபம் தந்த இழப்பை உயிரியலில் நான் அதிகம் படித்ததில்லை.

ட்செட்சேக்குப் பதிலாக இதைச் சுமப்பவை குதிரை ஈ போன்ற கடி ஈக்கள். குதிரை ஈ கடித்தால் சுருக்கென்று வலிக்கும். மாடு வாலைச் சுழற்றும், தோலைச் சிலுப்பும். பாதி குடித்த ஈ எழுந்து பக்கத்து மாட்டில் உட்காரும். அதன் வாயில் ஒட்டிய ஈர ரத்தமே ஒட்டுண்ணிக்கு வண்டி. ரத்தம் காய்வதற்குள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். கடி ஈக்கள்மேல் தேரா இஸ்மாயில் கான் பகுதி மக்களுக்கு முன்பே சந்தேகம் இருந்தது. குதிரை ஈக்கள் இதைப் பரப்புவதைச் சோதனையில் காட்டி லியோனார்ட் ராஜர்ஸ் 1901-இல் வெளியிட்டார்.

ஈ கொண்டுபோவது பக்கத்து மாடு வரைதான். கண்டம் தாண்ட வைத்தவர்கள் மனிதர்கள். வணிகரின் ஒட்டகங்களும் படைகளின் குதிரைகளும் போன வழியெல்லாம் இதுவும் போயிற்று. தென்னமெரிக்காவில் ரத்தம் குடிக்கும் வௌவாலின் உடலிலேயே பெருகி, அதன் கடியிலும் பரவக் கற்றுக்கொண்டது. 2006-இல் கேனரி தீவுகளிலிருந்து வாங்கிவந்த ஒட்டகங்களோடு பிரான்சுக்குள் நுழைந்தது; அங்கே கண்டுபிடித்து அடக்கினார்கள். ஈயே இல்லாமலும் இதற்கு வழி உண்டு: நோயுற்ற பிராணியின் பச்சை இறைச்சியைத் தின்னும் ஊனுண்ணிக்கும் தொற்றும். 2000-இல் ஒடிசாவின் நந்தன்கானன் விலங்குக் காட்சியகத்தில் பத்துக்கும் மேற்பட்ட புலிகளைக் கொன்றது இந்த ஒட்டுண்ணிதான்.

மனிதருக்கு இது வராது என்று நெடுங்காலம் நம்பினார்கள். நம் ரத்தத்தில் அபோஎல்1 என்ற புரதம் இந்த ஒட்டுண்ணியை உடைத்துவிடும். 2004-இல் மகாராஷ்டிர விவசாயி ஒருவர் விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்; அவர் ரத்தத்தில் எவான்சி நீந்தியது. சுராமின் மருந்து அவரைக் காப்பாற்றியது. பிறகு பார்த்தால், அந்தப் புரதத்துக்கான மரபணுவின் இரு பிரதிகளுமே அவரிடம் பழுதாகியிருந்தன. விதிவிலக்கு என்று ஆய்வாளர்கள் சற்று ஆறுதல் கொள்ள முடிந்தது. 2015-இல் வியட்நாமில் ஒரு பெண்ணுக்கு இதே தொற்று வந்தது. அவருடைய அபோஎல்1 மரபணுவில் ஒரு குறையும் இல்லை. ரத்தத்தில் புரதமும் வழக்கமான அளவில்தான் இருந்தது.