குற்றவாளி கேபிள் அல்ல!



1997. நம் கம்ப்யூட்டர் லேப். இறுதியாண்டு புராஜெக்டுக்காக இரண்டு மெஷின்களை சீரியல் கேபிளால் இணைத்து 'பிபிபி' ஓட்ட வேண்டும். மறுநாள் ரிவ்யூ.

பிபிபி-க்கு முன்பு வழக்கில் இருந்தது 'ஸ்லிப்'. 1988-இல் அதை விவரித்த ஆவணமே தன் தலைப்பில் 'தரநிலை அல்லாதது' என்று ஒப்புக்கொண்டது. இரு முனைகளும் முகவரியைப் பேசி முடிவு செய்யவோ, பிழையைக் கண்டுபிடிக்கவோ அதில் வழியில்லை. 1994-இல் ஆர்.எஃப்.சி. 1661 ஆக நிலைபெற்ற பிபிபி அக்குறைகளைத் தீர்த்தது. அதில் ஒரு முனை ஒரு 'மேஜிக் நம்பர்' அனுப்பும். அதே எண் திரும்பி வந்தால், எதிரே ஆளில்லை, வெறும் எதிரொலிதான் என்று புரிந்துகொள்ளும்.

எங்கள் திரையில் வந்ததும் அந்தச் செய்திதான். நான் நின்று படித்தேனா? "அண்ணே, நீங்க சால்டர் பண்ண கேபிளே தப்பு!" என்று எல்லார் முன்னாலும் லேப் அண்ணனிடம் கத்தினேன். அவர் பதில் பேசவில்லை. இரவு எட்டு மணிவரை இருந்து, 2, 3 பின்களைப் பிரித்து மறுபடி குறுக்காக வைத்துத் தந்தார். அப்போதும் அதே செய்தி! பிறகுதான் பார்த்தேன். எதிர் மெஷினில் பிபிபி-யை நான் தொடங்கவே இல்லை. அங்கே காத்திருந்த லாகின் புரோகிராம், நான் அனுப்பியதையெல்லாம் எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

ரிவ்யூ நல்லபடியாக முடிந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

1996-இல் யு.எஸ்.பி. வந்தது. அதில் ஒரு முனை எஜமான், மறுமுனை ஏவலாள். பிற்பாடு, ஏவல் முனையே தன்னை நெட்வொர்க் கார்டாகக் காட்டிக்கொள்ளும் முறையும் வந்தது. அண்மையில் அண்ணன் மகன் ராஸ்பெர்ரி பை ஜீரோவை லேப்டாப்பில் செருகிவிட்டு, "கேபிள் போச்சு சித்தப்பா" என்றான். சிரித்துவிட்டேன். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்களும் உண்டுதான். ஆனால் திரையில் 'யுஎஸ்பி0' தெரிந்ததே! அப்படியானால் கேபிள் நல்ல கேபிள். முகவரியைப் பார்த்தோம். பையில் 192.168.7.2, லேப்டாப்பிலோ தானாகப் போட்டுக்கொண்ட 169.254. லேப்டாப்புக்கு 192.168.7.1 கொடுத்ததும் 'பிங்' பேசியது.

தம்பி தங்கைகளே, கம்பி முதலில், முகவரி அடுத்து, எதிர்முனை பிறகு என்று வரிசையாகப் பாருங்கள். திரை சொல்வதை முழுசாகப் படியுங்கள். அதுவரை யாரையும் குறை சொல்லாதீர்கள்.

அண்ணே, இந்த மலர் உங்கள் கைக்கு வந்தால்... கேபிள் சரியாத்தான் இருந்துச்சு. தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க.