பெயரும் பேரேடும்: மலையகத் தமிழர் அடையாளம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அட்டனிலிருந்து டிக்கோயா வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் வீதியில் அமைந்துள்ள சிறு நகரம் நோர்வூட். அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் நான்கு தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போர்க்கு ஒரு விந்தை புலனாகும். பாட்டனார் 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர். 1948க்குப் பின்னர் அவரே நாடற்றவர். அவர் மகன் இலங்கைப் பிரசாவுரிமை பெற்றதும் தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்திருக்கலாம். பேரனோ தம்மை மலையகத் தமிழர் என்கின்றார். குடும்பம் ஒன்று, மொழி ஒன்று, வாழும் லயமும் ஒன்று. பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்துள்ளது. ஒரு மக்கட் கூட்டத்தின் பெயரைத் தீர்மானிப்பது எது? பேசும் மொழியா, முன்னோர் பிறந்த நாடா, வாழும் நிலமா, அன்றி அரசின் பேரேடா?

இவ்வினா மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் போர்த்துக்கேய மொழி பேசுவோர் தொடர்பாகவும் இதுவே எழுந்துள்ளது. அங்கு ‘ஹிஸ்பானிக்’, ‘லத்தீனோ’ என்னும் பெயர்களுள் அவர்கள் அடங்குவரா என்பதே பிரச்சினை. சொல்வரலாற்றை நோக்கின் அடங்குவர் எனலாம். உரோமர் ‘ஹிஸ்பானியா’ என அழைத்தது ஐபீரியத் தீபகற்பம் முழுவதையுமாகும். இன்றைய போர்த்துக்கலின் பெரும்பகுதியும் அதனுள் அடங்கியிருந்தது. போர்த்துக்கேய மொழியும் இலத்தீனின் வழிவந்ததே. ஆயினும் 1977இல் அமெரிக்க நடுவண் அரசு வகுத்த வரைவிலக்கணம் ஸ்பானியப் பண்பாட்டினையும் பூர்வீகத்தையுமே அளவுகோலாகக் கொண்டது. அதன்படி பிரேசில் மக்கள் பொதுவாக அவ்வகுப்பிற் சேர்க்கப்படுவதில்லை. அதே நாட்டின் போக்குவரத்துத் துறையோ, ஒப்பந்தங்கள் வழங்குவதற்கான தன் விதிகளில் போர்த்துக்கேயப் பூர்வீகத்தினரையும் நெடுங்காலம் ‘ஹிஸ்பானிக்’ வகுப்பினுள் அடக்கியிருந்தது. ஒரே அரசின் இரு பேரேடுகள் ஒரே மனிதருக்கு இரு விடைகளைத் தந்தன.

2020ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு பிழை இதனை மேலும் தெளிவாக்கிற்று. அமெரிக்கச் சமூக அளவீட்டில் தம்மை ‘ஹிஸ்பானிக்’ அல்லது ‘லத்தீனோ’ எனக் குறிக்கும் பிரேசிலியரின் விடைகள் வழமையாகப் பின்னர் மாற்றப்பட்டுவிடும். அவ்வாண்டில் அம்மாற்றம் தவறிப்போயிற்று. அதன் பயனாக 2019இல் ஏறத்தாழ 14,000 ஆக இருந்த தொகை 2020இல் 416,000க்குக் குறையாததாயிற்று. மறு ஆண்டு அது மீண்டும் 16,000 அளவிற்கு வீழ்ந்தது. ஓராண்டுக்குள் மக்கள் மாறிவிடவில்லை. மக்கள் தம்மைப் பற்றிக் கூறியது ஒன்றாகவும் பேரேடு பதிந்தது மற்றொன்றாகவும் இருந்தமை தற்செயலாக வெளிப்பட்டது, அவ்வளவே.

இலங்கை வரலாற்றிலும் இதனையொத்த ஒரு செய்தி உண்டு. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலும் ஸ்பானியாவும் ஒரே முடியின்கீழ் இருந்தன. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தபோது லிஸ்பனுக்கும் மட்ரிட்டுக்கும் அரசன் ஒருவனே. எனினும் யாழ்ப்பாணத்தில் ஸ்பானியர் ஆட்சி நிலவிற்று என எவரும் கூறுவதில்லை. போர்த்துக்கேயர் ஆட்சி என்றே வரலாறு பதிந்துள்ளது. முடி ஒன்றாயிருந்தும் நிருவாகமும் மொழியும் வேறாயிருந்தமையே அதற்குக் காரணம். ஆகவே பெயர் என்பது பொருளால் மட்டும் அமைவதன்று. அது பயன்படுத்தப்பட்ட தேவையாலும் அமைவதாகும்.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டு மலையகத்தை நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளைச் சேர்ந்தோர் அவருட் பலராவர். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்னும் இரு வகுப்புக்களாகத் தமிழரைப் பிரித்துக் கணக்கிட்டது. அவ்வாண்டில் முன்னையோர் ஏறத்தாழ 528,000 பேர். பின்னையோர் ஏறத்தாழ 531,000 பேர். தோட்ட மக்கள் வந்து திரும்பும் தொழிற்படையினரே என்னும் எண்ணம் அக்கால நிருவாகத்தில் வேரூன்றியிருந்தது. தொழிற்படையை அளவிடுவதற்குப் பயன்பட்ட அப்பெயர் காலப்போக்கில் ஓர் இனத்தின் பெயராக நிலைபெற்றது.

மொழியே அளவுகோல் எனின் இப்பிரிவுக்கு இடமில்லை. தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் சோனகர் எனத் தனியே கணக்கிடப்பட்டமையும் விளக்கமற்றதாகிவிடும். பூர்வீகமே அளவுகோல் எனின், முன்னோர் கடல் கடந்து வந்த காலத்தை எங்ஙனம் வரையறுப்பது என்னும் இடர்ப்பாடு தோன்றும். நூறாண்டுக்கு முன் வந்தவர் இந்தியர், அதற்கும் முற்பட வந்தவர் இலங்கையர் என்பது வரலாற்று நியதியன்று; பேரேட்டின் நியதியே.

அந்நியதி ஏட்டளவில் நின்றிருப்பின் கேடில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், ஏறத்தாழ 134,000 பேரே ஏற்கப்பட்டனர். அதே 1949இல் நிறைவேறிய தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிற்கொண்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ‘இந்திய’ என்னும் ஒரு முன்னடை, மக்களை இரு நாடுகளுக்கிடையே பங்கீடு செய்வதற்குரிய காரணமாயிற்று. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே நாடற்றோர் நிலைக்கு முடிவு கண்டன.

இக்கால எல்லைக்குள் புள்ளிவிபரங்கள் அடைந்த மாற்றம் ஊன்றி நோக்கத்தக்கது. 1971இல் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 1,175,000 பேர். 1981இல் அத்தொகை ஏறத்தாழ 819,000. தாயகம் திரும்பியோர் என அழைக்கப்பட்டோரின் வெளியேற்றம் இவ்வீழ்ச்சிக்குத் தலையாய காரணமெனினும் அதுவே முழுக் காரணமன்று. பிரசாவுரிமை பெற்றோர் பலர் தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்தனர். 2012இல் ஏறத்தாழ 839,500 ஆக இருந்த தொகை 2024இல் ஏறத்தாழ 600,000 ஆகியது. மொத்தக் குடித்தொகையில் அது 2.8 வீதம். ஒப்பந்தத்தின்கீழான வெளியேற்றம் ஓய்ந்து நெடுங்காலமாகிய பின்னரும் ஏற்பட்ட இவ்வீழ்ச்சியை, மக்கள் தம் பெயரை மாற்றிப் பதியும் வழக்கத்தை விடுத்து விளக்குதல் அரிது.

‘மலையகத் தமிழர்’ என்னும் பெயர் இச்சூழலிலேதான் பொருள் பெறுகின்றது. 1960களில் அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியின் இர. சிவலிங்கம் முதலான ஆசிரியரும், மாணவரும், எழுத்தாளரும் இப்பெயரை ஓர் எழுச்சிக் குரலாக வளர்த்தனர். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே இருநூறாவது ஆண்டு நினைவு நடைபயணம் நிகழ்ந்தது. 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்பதனோடு ‘மலையகத் தமிழர்’ என்பதும் சேர்ந்து இடம்பெற்றது. மக்கள் தாமே சூட்டிக்கொண்ட பெயர் அரச பேரேட்டினுள் நுழைந்தமை சிறிய செய்தியன்று.

இதற்கு மறுப்புரைப்போரும் உளர். 1977 வன்செயலின் பின் வவுனியா, கிளிநொச்சி ஆகிய இடங்களிற் குடியேறியோர் மலையில் வாழாதவராயிற்றே என்பர். மலையிலேயே வாழும் கண்டிச் சிங்களவரும் முஸ்லிம்களும் இப்பெயருள் அடங்காரே என்றும் வினவுவர். இவ்வாதம் சொல்லின் நேர்ப்பொருளை மட்டும் பற்றி நிற்பது. ‘லத்தீனோ’ என்போர் இலத்தீன் பேசுவோர் அல்லர். அவ்வாறே மலையகம் என்பதும் வெறும் நிலப்பெயரன்று, ஒரு பொது வரலாற்றின் பெயராகும்.

மற்றொரு வாதம் இதனினும் வலியது. 2017 மே 12ஆந் திகதி நோர்வூட்டில் திரண்ட பெருங்கூட்டத்தினரிடையே உரையாற்றிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, அவர்களை இந்திய வம்சாவளியினராகவே விளித்து, மேலும் 10,000 வீடுகள் அமைக்க உதவுவதாக அறிவித்தார். 2003ஆம் ஆண்டுச் சட்டமும் இந்திய வம்சாவளியினர் என்னும் பெயராலேயே பிரசாவுரிமை வழங்கிற்று. பறித்த பெயரே வழங்கவும் பயன்பட்டமையால் அதனை எளிதிற் கைவிடலாகாது என்பது இவ்வாதம். இதில் உண்மையுண்டு. இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொள்வோர் தம்முள் ஒரு மனநிறைவைப் பெறலாம். ஆயின் லய அறையில் வாழ்வோர் எத்தனை பேர், காணியுறுதி இல்லாதோர் எத்தனை பேர் என்னும் கணக்கில் அவர்கள் மறைந்துபோவர். தொகை குறையக் குறையப் பிரதிநிதித்துவத்துக்கான நியாயமும் நலிவடையும்.

எனவே எது சரியான பெயர் என்னும் வினாவுக்கு மொழிநூலிலோ நிலநூலிலோ மட்டும் விடை தேடுதல் பயனற்றது. அப்பெயரை எழுதியவர் யாவர், எதன்பொருட்டு எழுதினர், அதனால் எய்தியதும் இழந்ததும் யாவை என்பனவே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினாக்கள். பிரேசிலியர் விடயத்தில் பேரேட்டின் தவறு ஓராண்டில் திருத்தப்பட்டது. மலையகத்திலோ ஒரு பேரேட்டுச் சொல்லின் விளைவுகளைத் திருத்த அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. மக்கள் தம்மை அழைக்கும் பெயரால் அரசும் அழைத்தல் முறை. அப்பெயரால் எண்ணப்படுவோர் எவரும் எண்ணிக்கையிலிருந்து விடுபடாமற் காத்தல் அதனினும் முதன்மையான கடன்.