முகாமில் பிறந்த பாடத்திட்டம்

போரினாலும் ஒடுக்குமுறையினாலும் ஊரைவிட்டு ஓட நேர்ந்தவர்களின் உடல்நலத்தை ஆராய்ந்து கற்பிக்கும் பல்கலைக்கழகத் துறை, கட்டாய இடப்பெயர்வு, மனிதநேயச் சுகாதாரம் என்னும் பெயர்களில் இன்று பல பொதுச் சுகாதாரக் கல்லூரிகளில் நிலைபெற்றிருந்தாலும், அது தனிப் பாடத்திட்டமாக உருவானது 1990களின் இறுதியில்தான். அதற்குரிய மருத்துவ அறிவு அதற்கு வெகுகாலம் முன்னரே முகாம்களில் சேர்ந்திருந்தது. முகாம் கலைந்து பணியாளர்கள் வேறு வேலைக்குப் போனதும் அந்த அறிவும் கலைந்துபோனது என்பதே சிக்கலாக இருந்தது.

1971ஆம் ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ 1 கோடி மக்கள் இந்தியாவுக்குள் வந்தபோது, மேற்கு வங்கத்தின் எல்லையூரான பன்காவில் காலரா பரவி, நரம்பு வழியாக ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோகும் நிலை உண்டாயிற்று. கல்கத்தாவில் இயங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் மருத்துவர் திலீப் மகலனாபிஸ், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கரைசல் தயாரித்து, அதை நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். குளுக்கோஸ் சேரும்போது குடல் உப்பையும் நீரையும் ஈர்த்துக்கொள்ளும் என்பது ஆய்வுக்கூடத்தில் முன்பே அறியப்பட்டதுதான். மருத்துவம் படிக்காதவர் கையிலும், சேறும் நெரிசலும் மிகுந்த இடத்திலும் அது பலிக்கும் என்பதைப் பன்காவ் மெய்ப்பித்தது. 30 சதவீதமளவுக்கு இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில், தாய்லாந்து எல்லையின் கம்போடிய அகதிகளிடமும் ஆப்பிரிக்க முகாம்களிலும் திரட்டிய தரவுகளைக் கொண்டு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த மைக்கேல் டூல், ரொனால்ட் வால்ட்மன் ஆகியோர் 1990இல் ஒரு முக்கியமான கட்டுரையை வெளியிட்டனர். தட்டம்மை, வயிற்றுப்போக்கு, மூச்சுத்தொற்று, மலேரியா, ஊட்டச்சத்துக் குறைவு ஆகிய தடுக்கக்கூடிய காரணங்களே முகாம் சாவுகளில் பெரும்பகுதிக்குப் பொறுப்பு என்பது அதன் சாரம். நாளொன்றுக்கு 10,000 பேரில் எத்தனை பேர் இறக்கின்றனர் என்று கணக்கிடும் இறப்பு வீதம் இத்துறையின் அடிப்படை அளவுகோலாயிற்று. அது ஒன்றைத் தாண்டினால் நெருக்கடி நிலை எனக் கொள்ளப்பட்டது.

1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து 5 முதல் 8 லட்சம் பேர் சில நாள்களுக்குள் எல்லை கடந்து ஜயர் நாட்டின் கோமா நகரை அடைந்தபோது அந்த வீதம் 20 முதல் 35 வரை சென்றது. எரிமலைப் பாறைத் தரையில் கழிப்பிடமும் தோண்ட முடியவில்லை, புதைகுழியும் தோண்ட முடியவில்லை. குடிநீருக்குக் கிவு ஏரியே கதியாயிற்று. முதலில் காலராவும் அதன் பின்னே சீதபேதியும் பரவி, ஒரே மாதத்தில் 50,000 பேரளவில் மாண்டனர். உதவி நிறுவனங்களுக்கு அங்கே பஞ்சமில்லை. டாக்காவின் வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்திலிருந்து சென்ற வங்கதேசக் குழு, சிகிச்சை நிலையங்கள் தோற்றதேன் என்று ஆராய்ந்து 1995இல் எழுதிய காரணங்கள் கசப்பானவை: நீரேற்றம் மிக மெதுவாக நடந்தது, வாய்வழிக் கரைசல் போதிய அளவில் கொடுக்கப்படவில்லை, பொருந்தாத நரம்புவழித் திரவங்கள் பயன்படுத்தப்பட்டன, பணியாளர் பலருக்குக் கடுமையான காலராவைக் கையாண்ட பழக்கமே இல்லை. பன்காவில் உறவினர்கள் செய்து முடித்ததை, 23 ஆண்டுகளுக்குப் பின் மருத்துவர்கள் செய்யத் தவறினர் என்று இதைச் சுருக்கினால் அது மிகையாகாது.

கோமாவின் அதிர்ச்சிக்குப் பின் 1997இல் தொடங்கிய ஸ்பியர் திட்டம், ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர் என்பன போன்ற தரங்களை வகுத்துக் கையேடாக்கியது. ஆயினும் தரத்தை எட்ட முடியாத இடத்தில் எதை முதலில் செய்வது என்பதைக் கையேடு கற்பிக்காது. செஞ்சிலுவைச் சங்கம் 1986 முதல் ஜெனீவாவில் நடத்திவந்த பயிற்சி சில வாரங்களே நீடிப்பது. 1998இல் கொலம்பியா பல்கலைக்கழகம் கட்டாய இடப்பெயர்வு, சுகாதாரப் பாடத்திட்டத்தைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக வந்தவர், வங்கதேசத்தில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் தொழிலைத் தொடங்கிய அதே வால்ட்மன்தான். பின்னாளில் அங்கே கற்பித்த லெஸ் ராபர்ட்ஸ், கிழக்குக் காங்கோவில் 2000இல் நடத்திய வீட்டுக் கணக்கெடுப்பின் வழியே, 22 மாதங்களில் 17 லட்சம் கூடுதல் இறப்புகள் நேர்ந்தன என்றும், அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆயுதத்தால் அல்லாமல் நோயாலும் பட்டினியாலும் விளைந்தவை என்றும் மதிப்பிட்டார். போரின் விலையைக் கணக்கிடுவது கொள்ளைநோயியலின் வேலையாகவும் ஆயிற்று.

இதற்கு இணையாக வேறொரு மரபும் வளர்ந்துவந்தது. 1982இல் ஆக்ஸ்போர்டில் அகதிகள் ஆய்வுத் திட்டத்தை நிறுவிய மானிடவியலாளர் பார்பரா ஹாரல்-பாண்ட், தெற்குச் சூடானில் உகாண்டா அகதிகளிடையே செய்த கள ஆய்வைக் கொண்டு 1986இல் வெளியிட்ட நூலில், நிவாரண நிறுவனங்கள் அகதிகளைச் சொந்தத் திறனற்றவர்களாகக் கருதி உதவியைத் திணிக்கின்றன என்று கடுமையாகச் சாடினார். மருத்துவர்கள் நீண்டகாலம் இந்தக் குரலைத் தம் துறைக்கு வெளியே நிறுத்தியிருந்தனர். சிரியப் போர் அந்த வசதியைப் பறித்தது. 2011க்குப் பின் ஜோர்டானுக்கும் லெபனானுக்கும் வந்தவர்களில் பெரும்பாலோர் முகாமில் இல்லாமல் நகரங்களில் வாடகைக்குக் குடியிருந்தனர். அவர்களைப் பீடித்தவை நீரிழிவும் இரத்த அழுத்தமும். இன்சுலின் கிடைப்பதோ வேலை செய்யும் உரிமையையும் வதிவிடப் பத்திரத்தையும் பொறுத்திருந்தது. கொலம்பியாத் திட்டத்தின் தலைமை மனித உரிமைச் சட்டத்துறையிலிருந்து வந்த மோனெட் ஸார்டிடம் சேர்ந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம்.

2024 இறுதியில் உலகில் இடம்பெயர்க்கப்பட்டோர் 12.32 கோடி, அகதிகளில் 73 சதவீதம் பேரைக் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளே அப்போது தாங்கின. பட்டமும் ஆய்வு நிதியும் பெரிதும் நியூயார்க், பால்டிமோர், லண்டன் ஆகிய நகரங்களிலேயே தங்கியிருப்பது இத்துறையின் தீராத முரண். ஹாரல்-பாண்ட் ஆக்ஸ்போர்டை விட்டபின் கம்பாலாவின் மெக்கரேரே பல்கலைக்கழகத்தில் 1999இல் அகதிச் சட்டத் திட்டம் உருவாகத் துணைநின்றார். 2000இல் கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அகதிகள் ஆய்வைத் தொடங்கினார். சுகாதாரத் துறையில் அதற்கு நிகரான இடமாற்றம் இன்னும் அரிதாகவே நிகழ்கிறது.